மெய்யியற் கிளைகளின் தமிழ்ப் பெயர்களும் பம்பாயில் வெளிவந்த ஒரு நூலும்

1. முன்னுரை

மெய்யியலை அறிமுகப்படுத்தும் தமிழ் நூல்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடு தொடங்குகின்றன. உள்ளது எது என ஆராய்வது மெய்ப்பொருளியல். அறிவு எவ்வாறு கிடைக்கிறது, எது அறிவாகும் என ஆராய்வது அறிவாராய்ச்சியியல். வாதம் செல்லுபடியாகும் முறையை ஆராய்வது அளவையியல். செய்யத்தக்கது எது என ஆராய்வது அறவியல். அழகினை ஆராய்வது அழகியல். இவற்றோடு அரசும் சமுதாயமும் பற்றிய மெய்யியலையும் சேர்த்துக் கூறுவர். இப்பட்டியலில் பிழை ஏதும் இல்லை. ஆயினும், இப்பெயர்களும் இவற்றைச் சார்ந்த சொற்களும் ஒரு வாதத்தின் நடுவே நின்று பொருளைத் தாங்குமா என்பதைப் பட்டியல் காட்டுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் இடர்ப்படும் இடம் அதுவே.

இக்கட்டுரை அச்சோதனையை ஒரு நூலை முன்வைத்துச் செய்ய முற்படுகிறது. டாக்டர் அம்பேத்கர் 1936-ஆம் ஆண்டு பம்பாயில் வெளியிட்ட, சாதி ஒழிப்புப் பற்றிய ஆங்கில உரையே அந்நூல். அதனைத் தேர்ந்தமைக்குக் காரணங்கள் மூன்று. மெய்யியல் நூல் என்று தன்னைக் கூறிக்கொள்ளாவிடினும், மெய்யியலின் முதன்மைக் கிளைகள் எழுப்பும் வினாக்களை அது ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புகிறது. வெளிவந்த சிறிது காலத்திலேயே அது தமிழுக்கு வந்தது. மராட்டியும் தமிழும் அன்றாடம் கலந்து புழங்கும் ஒரு நகரில் அது பிறந்தமையால், வடமொழிவழிச் சொற்கள் இரு மொழிகளிலும் எவ்வாறு வேறு வழிகளிற் சென்றன என்பதையும் அதனைக்கொண்டு காணலாம்.

2. கிளைப் பெயர்களின் வரலாறு

மேலைமெய்யியலின் கிளைகள் தொன்றுதொட்டே இன்றைய பெயர்களோடு நின்றன என்று கருதுவது பொருந்தாது. கிரேக்க நாட்டு இசுதோயிக்கர் மெய்யியலை அளவை, இயற்கை, ஒழுக்கம் என மூன்றாகப் பகுத்தனர். அரிசுடாட்டிலின் நூல்களைத் தொகுத்தோர், இயற்கை பற்றிய நூலுக்குப் பின் வைக்கப்பட்டது என்ற அளவில் இட்ட பெயரே மெய்ப்பொருளியலுக்குரிய மேலைப்பெயராக நிலைத்தது. உளதாதல் பற்றிய ஆய்வுக்குத் தனிப்பெயர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. அழகியலுக்குப் பெயரிட்டவர் செருமானியரான பவும்கார்டன், ஆண்டு 1735. அறிவாராய்ச்சியியலுக்குரிய ஆங்கிலச் சொல்லை இசுகாட்லாந்தினரான ஃபெரியர் 1854-இல் வழங்கினார். வினாக்கள் பழையன, பெயர்கள் புதியன. ஆகவே, தமிழில் இப்பெயர்கள் அண்மைக்காலத்தன என்பது மட்டுமே குறையாகாது.

தமிழில் வினாக்களும் பழையன. மணிமேகலையின் 27-ஆவது காதை அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பல சமயத்தாரின் கொள்கைகளை அடுக்கி உரைக்கிறது. நீலகேசி வாதத்தையே காப்பிய வடிவாக்கியது. சிவஞானபோதத்தின் பகுப்பில் முதலாவது இயலுக்குப் பிரமாணவியல் என்று பெயர். தொல்காப்பியத்திலும் இங்கும் நூலின் உட்பிரிவைக் குறித்த 'இயல்' என்னும் சொல்லே, 20-ஆம் நூற்றாண்டில் ஒரு துறை முழுவதையும் குறிக்கும் ஈறாக வளர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க நூலைத் தமிழாக்கினார். 1916-இல் சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களுக்கெனச் சங்கம் கண்டதும், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளிவந்ததும் பிற்காலச் சொல்லாக்கத்தின் படிநிலைகள். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் 'மெய்யியல்' என்பதையே துறைப்பெயராகக் கொண்டன. தமிழகத்தில் 'தத்துவம்', 'மெய்யியல்' என்னும் இரண்டும் வழங்குகின்றன.

இவ்விரு பெயர்களும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் அல்ல. தத்துவம் என்பது 'அது' என்னும் பொருளுடைய வடமொழிப் பெயரடியும் தன்மைப் பொருளுணர்த்தும் ஈறும் சேர்ந்து ஆயது. 'அதுவாந்தன்மை' என்பது அதன் சொற்பொருள். சைவ சித்தாந்தத்தில் அது 36 என எண்ணி வரையறுக்கப்பட்ட பொருள்களைக் குறிக்கும். இன்றைய பேச்சு வழக்கிலோ, துன்பம் வந்தவழிச் சொல்லப்படும் ஆறுதல் மொழியும் 'தத்துவம்' எனப்படுகிறது. 'மெய்' உடம்பையும் வாய்மையையும் ஒற்றெழுத்தையும் குறிக்கும் சொல். திருக்குறளின் 36-ஆவது அதிகாரம் மெய்யுணர்தல் என்றே பெயர் பெறுகிறது. ஒரு துறைக்குப் பெயராகும்போது மெய்யியல், பேச்சுவழக்கின் சுமை குறைந்ததாக நிற்கிறது என்பது அதற்குரிய சிறப்பு.

3. நூலும் இடமும்

லாகூரில் இயங்கிய சாத் பாத் தோடக் மண்டல் என்னும் அமைப்பு, தன் 1936-ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அழைத்தது. அவர் எழுதியனுப்பிய உரையின் கருத்துகளை ஏற்க இயலாமையால் மாநாடு கைவிடப்பட்டது. பேசப்படாத உரையை அம்பேத்கர் பம்பாயில் தாமே அச்சிட்டு வெளியிட்டார். 1,500 படிகள் இரண்டு திங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன என்றும், குசராத்தியிலும் தமிழிலும் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது என்றும், மராட்டி, இந்தி, பஞ்சாபி, மலையாளம் ஆகியவற்றில் நடைபெறுகிறது என்றும் 1937-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவர் குறிக்கிறார். ஆசிரியரின் தாய்மொழியான மராட்டிக்கு முன்பே தமிழ் அந்நூலைப் பெற்றது என்பது மொழிபெயர்ப்பு வரலாற்றில் நினைக்கத்தக்கது. ஈரோட்டில் பெரியார் நடத்திய குடி அரசு வட்டத்தின் முயற்சி அது. 1940-ஆம் ஆண்டு சனவரியில் பெரியார் பம்பாய்க்கு வந்து அம்பேத்கரைச் சந்தித்தார்.

அக்காலத்தில் அம்பேத்கர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர். நூலகத்தோடு அவர் வாழ்ந்த ராஜகிருகம் தாதரில் இந்து காலனியில் உள்ளது. அதனை அடுத்த மாட்டுங்காவில், அலுவலகப் பணிகளை நாடி வந்த தென்னாட்டுக் குடும்பங்கள் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே குடியேறியிருந்தன. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் அங்குத் தோன்றியது. சிறிது தொலைவில் உள்ள தாராவியில், தோல் பதனிடும் தொழிலை ஒட்டியும் பிற உடலுழைப்புகளை நாடியும் வந்த தமிழர் வாழ்ந்தனர். அவர்களுட் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். நாட்டு விடுதலைக்குப் பின் விரிவடைந்த செம்பூரில் பலதிறத்தாரும் குடியேறினர். ஒரே மொழி பேசுவோர் ஒரே நகரின் வேறு வேறு பகுதிகளில் வாழ்ந்த முறையே, அந்நூல் எழுப்பிய வினாவுக்கு ஒருவகைச் சான்று. சாதியைப் பற்றிய மெய்யியற் சொற்கள் இவ்வாசகருக்கு ஏட்டுச் சொற்களாக மட்டும் இருந்திருக்க இயலாது.

4. உளதாதல் பற்றிய வினா

சாதி எத்தகைய பொருள் என்பது அந்நூலின் இன்றியமையாத வினாக்களுள் ஒன்று. செங்கற்சுவர் போலவோ முள்வேலி போலவோ இடித்துத் தள்ளத்தக்க பருப்பொருள் அன்று அது. மனத்தில் நிலவும் ஓர் எண்ணம், ஒரு மனநிலை என்பது அம்பேத்கரின் விடை. இது மெய்ப்பொருளியலைச் சார்ந்த கூற்று. பருப்பொருள் அல்லாத ஒன்று எவ்வாறு உளதாகும், உளதாகி எவ்வாறு மனிதரைப் பிரித்து வைக்கும் என்பதே இங்கு வினா.

இதனைத் தமிழாக்குவோர் 'கருத்து' என்னும் சொல்லைப் பயன்படுத்தக்கூடும். இன்றைய தமிழில் கருத்து என்பது ஒருவர் கொள்ளவும் விடவும் கூடிய அபிப்பிராயத்தையும் குறிக்கும். சாதி ஒரு கருத்தே என்று எழுதினால், அது வலுவற்றது, பொய்யானது என்ற எண்ணம் வாசகருக்கு எழலாம். அம்பேத்கர் சொன்னது அதற்கு மாறானது. சுவரை இடிப்பதினும் மனநிலையை மாற்றுவது கடினம் என்பதால்தான், சாதி உணர்வுக்கு ஊற்றான சாத்திரங்களின் புனிதத்தில் உள்ள நம்பிக்கையையே அகற்ற வேண்டும் என்றார்.

தமிழில் இவ்விடத்துக்குத் துணையாக ஒரு பழஞ்சொல் உண்டு. உண்மை என்பது 'உள்' என்னும் அடியோடு 'மை' ஈறு சேர்ந்து ஆயது. உளதாந்தன்மை என்பதே அதன் முதற்பொருள். சித்தாந்த நூல்களில் அப்பொருள் நின்று வழங்குகிறது. பின்னர் அது பொய்யின் எதிர்ச்சொல்லாக மட்டும் சுருங்கியது. 'சாதி பருப்பொருளாக உள்ளதன்று. மனநிலையாக உள்ளது' என இரு தொடர்களிலும் 'உள்ளது' என்பதை வெளிப்பட நிறுத்தினால், அதன் இருப்பு மறுக்கப்படவில்லை, இருப்பின் வகையே வேறுபடுத்தப்படுகிறது என்பது விளங்கும். கலைச்சொல்லைக் காட்டிலும் வினையின் வடிவமே இங்கு வாதத்தைக் காக்கிறது.

5. அறிதல் பற்றிய வினா

சாத்திரம் கூறுவதால் ஒன்று உண்மையாகுமா என்பது அடுத்த வினா. ஏதுநூலைச் சார்ந்து வேதத்தையும் மிருதியையும் இகழ்வோரை விலக்க வேண்டும் என்று மனு விதித்திருப்பதை அம்பேத்கர் எடுத்துக்காட்டுகிறார். அந்நிலையில் சாதி பற்றிப் பகுத்தறிவைக் கொண்டு முடிவுசெய்ய ஒருவருக்கு உரிமையே இல்லை என்பது அவர் வாதம். மரபின் சொல்லால் கூறின், ஆகம அளவைக்கும் அனுமான அளவைக்கும் இடையிலான பூசல் இது.

இங்குத் தமிழ்க் கலைச்சொல் ஒன்றின் வரலாற்றை நோக்க வேண்டும். அளவை என்பது மரபில் அறிவைப் பெறும் வாயிலைக் குறித்தது. பிரமாணம் என்பதற்கு நேரானது. இரண்டும் 'அளத்தல்' என்னும் பொருளடியாகப் பிறந்தவை. இன்றைய அளவையியலோ வாதத்தின் வடிவத்தை ஆராயும் துறைக்குப் பெயராயிற்று. ஆக, மேலைமெய்யியல் இரண்டாகப் பிரித்த அறிவாராய்ச்சியும் தருக்கமும் தமிழ் மரபில் ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தன. பழைய நூல்களை மொழிபெயர்ப்போர் அளவை என்பதை எப்போதும் தருக்கம் என்று கொள்வது பிழைக்கு இடமாகும்.

மணிமேகலையின் 27-ஆவது காதையில் அளவைவாதி காண்டல், கருதல், உவமம், ஆகமம், அருத்தாபத்தி முதலாகப் பத்து அளவைகளைக் கூறுகிறான். 29-ஆவது காதையில் அறவண அடிகள் அவற்றை இரண்டாகக் குறைக்கிறார். காட்சியும் கருத்தளவுமே அளவைகள். ஏனையவை கருத்தளவில் அடங்கும். இதன் விளைவு பெரிது. நூலின் சொல் தன்னளவில் தனி அளவையாக நில்லாது. அதுவும் ஏதுவைக் கொண்டு சோதிக்கப்பட வேண்டியதாகிறது. மனு அஞ்சிய ஏதுவும் அறவண அடிகள் விரித்துரைத்த ஏதுவும் ஒரே சொல்லே. 1936-ஆம் ஆண்டு நூலின் அறிவாராய்ச்சி வாதத்துக்குத் தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. காட்சி, கருத்தளவு, ஏது என்பன அவ்வாதம் நிகழ்ந்த களத்திலேயே புழங்கிய சொற்கள்.

இத்தொடர்பு தற்செயலானது அன்று. சென்னையைச் சேர்ந்த அறிவியற் பேராசிரியர் இலட்சுமி நரசு, பகுத்தறிவுக்கு இயைந்த பௌத்தத்தை 1907-ஆம் ஆண்டு தம் ஆங்கில நூலில் விளக்கினார். அதன் மூன்றாம் பதிப்பு 1948-இல் அம்பேத்கரின் முன்னுரையோடு பம்பாயில் வெளிவந்தது.

6. அறம் பற்றிய வினா: விதியும் கொள்கையும்

நூலின் இறுதிப் பகுதியில் அறவியலின் முதன்மையான வேறுபாடு ஒன்று இடம்பெறுகிறது. தம் ஆசிரியரான சான் டூயியின் அறவியலை ஒட்டி அம்பேத்கர் இதனை அமைக்கிறார். ஒருவகைக் கட்டளைகள், சமையற்குறிப்பைப் போல இன்னது செய், இன்னவாறு செய் என்று வரையறுத்துக் கூறும். மற்றொன்று, செயலை மதிப்பிடுவதற்குரிய அளவுகோலைத் தரும். முடிவைச் செய்பவரிடமே விடும். பின்னதன்வழி நடப்பவர் பிழைபடலாம். ஆனால் செயலுக்குப் பொறுப்பாளர் அவரே. முன்னதன்வழி நடப்பவரிடம் பொறுப்பு இல்லை. சமயம் என்பது பின்னதாக இருத்தல் வேண்டும். ஏவல்களும் தடைகளுமாகத் திரண்டது சமயமன்று என்பது அவர் முடிவு.

முன்னதனை 'விதி' என்று தமிழில் பெயர்க்கத் தோன்றும். இலக்கண நூலார் விதியையும் விலக்கையும் இணைத்துக் கூறுவர். பொதுவிதி, சிறப்புவிதி என்பனவும் உண்டு. ஆயினும், உலகவழக்கில் விதி ஊழையும் குறிக்கும். மராட்டியில் விதி சடங்கையும் சட்டத்தையும் குறிக்கிறது; அம்பேத்கர் முதல்வராக இருந்த கல்லூரியின் மராட்டிப் பெயர் விதி மகாவித்யாலயம் என்பதே. ஊழ் என்னும் பொருள் அங்கு 'விதிலிகித' போன்ற சில தொடர்களிலேயே தங்கியது. தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் பயின்று மராட்டியும் கற்கும் மாணவர், ஒரே ஒலியில் இரண்டு பொருளுலகங்களைச் சந்திக்கிறார். 'விதிகளின் சமயம்' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு ஊழின் சாயலும் சேர்ந்தே கேட்கும். மனிதர் இட்ட கட்டளை மாற்றவியலாத ஊழாகத் தோன்றுவதே சாதியின் வலிமை. அம்பேத்கர் உடைக்க முயன்றதும் அத்தோற்றத்தையே. கட்டளையையும் ஊழையும் ஒரே சொல்லில் கலக்கவிட்டால், மொழிபெயர்ப்பு மூலநூலுக்கு எதிராக நிற்கும். 'விதிமுறை' என்றோ 'கட்டளை' என்றோ பெயர்ப்பது இக்கலப்பைத் தவிர்க்கும்.

பின்னதற்கு மராட்டியர் வழங்கும் சொல் 'தத்துவ'. மெய்யியலுக்கு 'தத்துவஞான' என்பர். தமிழில் தத்துவம் அப்பொருளைத் தாராது. நெறி, கோட்பாடு, கொள்கை என்னும் மூன்றும் எஞ்சுகின்றன. நெறி வகுக்கப்பட்ட வழி. 'நெறிமுறைகள்' என்னும்போது கட்டளைகளின் தொகுதியையே இன்று குறிக்கிறது. கோட்பாடு அறிவியற் கருதுகோள்களின் பக்கம் சென்றுவிட்டது. கொள்கை 'கொள்' என்னும் வினையடியாகப் பிறந்தது. கொள்பவர் ஒருவர் உண்டு என்பதைத் தன்னுள் அடக்கியது. சங்கப் பாடல்களில் அது சான்றோர் மேற்கொண்ட ஒழுகலாற்றைக் குறித்து வருகிறது. அரசின் கொள்கை, கட்சியின் கொள்கை எனப் பிற்காலத்தில் பரந்துபட்டாலும், பொறுப்பைச் செய்பவரிடம் நிறுத்தும் அம்பேத்கரின் பொருளுக்கு இதுவே நெருங்கியது.

இவ்வேறுபாடு தமிழுக்கு அயலானதன்று. பரிமேலழகர் தம் உரையின் தொடக்கத்தில் அறத்தை வரையறுக்கும்போது, மனு முதலிய நூல்கள் விதித்தவற்றைச் செய்தலும் விலக்கியவற்றை ஒழிதலும் என்றே கூறுகிறார். ஒழுக்கமுடைமை அதிகாரத்துக்கு முன்னுரைக்கும்போது, அவரவர் வருணத்துக்கும் நிலைக்கும் ஓதப்பட்டதே ஒழுக்கம் என்கிறார். ஆனால் அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில் திருவள்ளுவர் மனம் மாசற்று இருப்பதையே அறத்தின் முழுமையாகக் கொண்டார். உரையாசிரியர் அறத்தைக் கட்டளையாகக் கண்டார். மூலநூலின் அக்குறளோ அதனைச் செய்பவரின் உள்ளத்தில் வைத்தது. பம்பாயில் ஆங்கிலத்தில் எழுந்த வாதம், குறளுக்கும் அதன் உரைக்கும் இடையே முன்னரே கிடந்த இடைவெளியில் வந்து பொருந்துகிறது. மொழிபெயர்ப்பாளர் 'அறம்', 'ஒழுக்கம்' என்னும் சொற்களைக் கையாளும்போது, இவ்விரண்டில் எதனை வாசகர் நினைப்பர் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

'நீதி' பற்றியும் ஒன்று கூறவேண்டும். மராட்டியில் நீதி ஒழுக்கத்தைக் குறிக்கும், நீதிசாத்திரம் அறவியல், வழக்கை முடிவுசெய்வது நியாயம். தமிழில் 'நீதிநூல்' என்னும் தொடரில் பழம்பொருள் நிற்க, 'நீதிமன்றம்', 'சமூக நீதி' என்பவற்றில் பொருள் முற்றிலும் இடம்பெயர்ந்தது. மராட்டி நூல்களைத் தமிழாக்குவோர் நீதியை நீதியென்றே விடுவது அறவியல் வாக்கியத்தை அரசியல் வாக்கியமாக்கிவிடும்.

7. சமுதாய மெய்யியல்

விடுதலை, சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றன்மேல் அமைந்த சமுதாயமே தம் குறிக்கோள் என்று அந்நூல் கூறுகிறது. இவற்றைத் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து பெறவில்லை, புத்தரின் போதனைகளிலிருந்தே பெற்றதாக 1954-ஆம் ஆண்டு அக்டோபரில் வானொலி உரையில் அம்பேத்கர் விளக்கினார். சமத்துவம் தமிழில் நன்கு வேரூன்றிய சொல். மூன்றாவதே அரியது. மராட்டியில் அது 'பந்துதா'. தமிழில் பந்து என்பது உறவினரைக் குறிப்பது; கொண்டு கொடுத்து உறவாடும் வட்டத்துக்குள் அடங்குவது. அவ்வட்டம் பெரும்பாலும் சாதியே. எனவே அச்சொல் எதிர்மறை விளைவையே தரும். சகோதரத்துவமும் குருதியுறவை அடிப்படையாகக் கொண்ட உருவகமே. அம்பேத்கர் சொல்லோடு நில்லாமல், அது மக்களாட்சியின் மறுபெயர் என்றும், மக்களாட்சி ஆட்சிமுறை மட்டுமன்று, அனுபவங்களைப் பகிர்ந்து கூடிவாழும் முறை என்றும் விளக்குகிறார். அவ்விளக்கத்தில் வரும் கூடிவாழ்தல், பகிர்தல் என்னும் வினைகளைத் தெளிவாகத் தந்தால், பெயர்ச்சொல்லின் குறை பெரிதும் நீங்கும்.

அழகியலை அந்நூல் தொடவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தொடங்கி அதற்குத் தமிழில் உள்ள வளம் தனியே ஆராயத்தக்கது.

8. முடிவுரை

மெய்யியற் கிளைகளுக்குத் தமிழில் பெயர்கள் போதிய அளவு உள. இடர்ப்பாடு, பெயர்களுக்கு அடியில் நிற்கும் பொதுச்சொற்களில் உள்ளது. கருத்து, உண்மை, அளவை, விதி, கொள்கை, நீதி, பந்து என்னும் ஏழும் யாவரும் அறிந்தவை. அவற்றுட் பல வழக்கில் தம் முதற்பொருளிலிருந்து விலகியவை. கலைச்சொல் அகராதிகள் துறைப்பெயர்களுக்கு இடம் ஒதுக்கும் அளவுக்கு இவற்றுக்கும் ஒதுக்குதல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொருளோடு, அது வாதத்தில் நிற்கும் வாக்கியம் ஒன்றையும், மராட்டி போன்ற அயல்மொழியில் அதே வடிவம் தரும் வேற்றுப்பொருளையும் சேர்த்தல் பயன்தரும். இருமொழிச் சூழலில் வாழும் மும்பைத் தமிழர் இப்பணிக்கு ஏற்ற தகவலாளர். விதிமுறைக்கும் ஊழுக்கும் இடையே வேறுபாடு காட்டாத ஒரு மொழிபெயர்ப்பு, 1936-இல் எழுந்த அவ்வாதத்தைத் தமிழ் வாசகரிடம் கொண்டு சேர்த்ததாகாது.